பதினோரு நாளில் எட்டு இடம்

வேதமூர்த்திக்கு அறுபத்திரண்டு வயது. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்ணமீனும் பவளமும் விற்கும் கடை வைத்திருந்த ஜெசிந்தாவுக்கு அதில் பாதிகூட ஆகவில்லை. ஆனாலும் வீட்டுத் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, உயிருள்ள பவளம் வளர்க்க அவர் பாடம் கேட்டது அவளிடம்தான். பாடம் எங்கே கேட்டார், சண்டைதான் போட்டார்.

ஏற்கெனவே இரண்டு பவளங்களைச் சாகடித்திருந்தார். மூன்றாவதைக் கொடுக்கும்போதே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். இதுவும் போனால் இனி அவருக்குப் பவளம் கிடையாது. அந்த உப்புநீரில் மாங்காய் ஊறப்போட்டுக்கொள்ளலாம்.

பதினோராம் நாள் காலையில் போன் செய்து கத்தினார். சீக்குப் பிடித்ததைத் தன் தலையில் கட்டிவிட்டாள் என்றார். ஜெசிந்தா கடையைப் பூட்டிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கும் மூக்கு நுனியில்தான் கோபம்.

பூப்போல விரிந்திருக்க வேண்டிய பவளம் சுருங்கிக் கல்லோடு ஒட்டிக் கிடந்தது. ஓரமெல்லாம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. தண்ணீரைச் சோதித்தாள். உப்பிலும் சூட்டிலும் ஒரு குறையும் இல்லை.

"என்மேல பழி போடாதேம்மா," என்றார் வேதமூர்த்தி. "கண்ணும் கருத்துமாத்தான் பாத்துக்கறேன். மேல வெச்சேன், வெளிச்சம் ஜாஸ்தி. கீழ வெச்சேன், கம்மி. பம்பு பக்கம் வெச்சேன், தண்ணி வேகம் தாங்கல. பதினோரு நாள்ல எட்டு இடம் மாத்திட்டேன். இன்னும் என்னதான் செய்யணும்?"

ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டாள். காபி கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள்.

அவர் இரண்டு டம்ளர் கொண்டுவந்து, தன்னுடையதோடு உட்கார்ந்தார். அங்கே வெளிச்சம் போதாது என்று அவரை ஜன்னலோரம் உட்காரச் சொன்னாள். போனார். வெயில் படுகிறதே என்று சோபாவுக்கு அனுப்பினாள். அங்கே புழுங்கும் என்று மின்விசிறிக்கு அடியில் நாற்காலி இழுத்துப் போட்டாள். காற்று பலமாக அடிக்கிறது என்று அங்கிருந்தும் எழுப்பினாள். எல்லாம் அவர் நன்மைக்குத்தானாம்.

ஐந்தாவது இடத்தைக் காட்டியபோது அவர் டம்ளரை மேசையில் அறைந்து வைத்தார். சட்டையெல்லாம் காபி தெறித்தது.

"ஒரு வாய் குடிக்க விடறியா? என்னை ஒரு இடத்துல இருக்க விடும்மா!"

ஜெசிந்தா தொட்டியைக் காட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது; அதுவும் கோபத்தில்தான்.

"உங்களால கத்த முடியுது சார். அதால மூடிக்கத்தான் முடியும்."