மடத்துக் காரின் மினுக்கு

குன்றடி மடத்துக்குக் கார் வந்த நாளிலிருந்து ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தது சாதாரணக் கார் இல்லை. ரைஸ்மில் சென்னியப்பன் உயிரோடு இருந்தவரை தினமும் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கையாலேயே துடைத்த கார். உடம்பெல்லாம் கறுப்பு. ஆனால் முன்பக்கக் கிரில், ஜன்னலைச் சுற்றிய பட்டை, கதவுக் கைப்பிடி, பம்பர் ஓரம் என்று திரும்பின இடமெல்லாம் குரோமியம். வெயில் பட்டால் புது எவர்சில்வர் குடம் போலக் கண்ணில் அடித்தது. அவர் போன பிறகு அவர் மனைவி தெய்வாத்தாள் அதை மடத்துக்கே கொடுத்துவிட்டார். மடத்துச் சாமி சாவு வீட்டுக்கும் சீக்காளி வீட்டுக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதை அந்த அம்மாளால் பார்க்க முடியவில்லை.

சாமிக்கு நாற்பது வயது இருக்கும். சீடர் ஏகாம்பரத்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. வேலையில் இருந்த காலத்தில் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர். எதிரே வரும் வண்டியைப் பார்த்தே எந்த நட்டு கழன்றிருக்கிறது என்று சொல்லுவார். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார். ஓய்வு பெற்றதும் மடத்துக்கு வந்து, சீடருக்கான வெள்ளை உடுத்தி, தைப்பூசத்துக்குத் தைப்பூசம் "எனக்குக் காவி எப்பங்க சாமி?" என்று கேட்பார். "பார்ப்போம்" என்பார் சாமி. இந்தத் தைப்பூசத்தையும் விட்டால் உடம்பு தாங்காது என்று அவருக்குப் பயம் வந்திருந்தது. காவி கட்டாமல் கண்ணை மூடினால் வெறும் பென்ஷன்காரராகத்தானே போய்ச் சேர வேண்டும்?

இந்த நேரம் பார்த்தா இப்படி ஒரு கார் வந்து நிற்க வேண்டும்! டீக்கடையில் ஒருவன் அவர் காதுபடவே சொன்னான், "சாமி மினுக்க ஆரம்பிச்சுட்டாரு பாத்தியா?" ஏகாம்பரம் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

சாமி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, துறவிக்கு எதுக்குங்க மினுக்கு?"

"எது மினுக்குது?"

"கார்தானுங்க. கண்ணு கூசுது."

"யாருக்கு?"

"பாக்கறவங்களுக்கு."

"நான் உள்ள உக்காந்திருக்கறேன். எனக்குத் தெரியறதில்லைங்க ஐயா."

"எனக்குத் தெரியுதுங்களே! குரோமியத்து மேல கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுக்கறாங்க. ஒட்டிட்டா அடக்கமாயிரும்."

சாமி அந்தச் சொல்லை ஒருமுறை வாயில் போட்டுப் பார்த்தார். "அடக்கம். செத்தவங்களைத்தான் பண்ணுவாங்கன்னு நெனச்சேன்."

"வெளையாடாதீங்க சாமி. மடத்து மானம் போகுது."

"ஒட்டினா உங்களுக்குச் சோறு இறங்குமா?"

"இறங்குமுங்க."

"அப்ப ஒட்டுங்க."

குரு என்றால் தடுக்க வேண்டும், இல்லை மெச்ச வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டு அவரைக்காய் நாரை உரித்துக்கொண்டிருந்தால் சீடன்தான் என்ன செய்வான்? ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை எடுத்தார்.

அவினாசி ரோட்டு ஸ்டிக்கர் கடையில் அஸ்கர் காரைச் சுற்றி வந்தான்.

"மேட்டுங்களா, கிளாஸிங்களா சார்?"

"எது அடக்கமா இருக்கும்?"

இந்தத் தொழிலில் இப்படி ஒரு கேள்வியை அஸ்கர் கேட்டதே இல்லை. கொஞ்சம் யோசித்து, "மேட்டுல பளபளப்பே இருக்காதுங்க" என்றான்.

"அதையே ஒட்டுப்பா."

அஸ்கர் நாள் முழுக்கச் சூடான காற்றை அடித்து, ஸ்டிக்கரை இழுத்து, விளிம்பு வெட்டி ஒட்டினான். கிரில் மறைந்தது. பட்டை மறைந்தது. கைப்பிடி கதவோடு கதவாகிப் போனது. வேலை முடிந்ததும் பின்னால் தள்ளி நின்று பார்த்தான்.

"மிரட்டுதுங்க சார்."

ஏகாம்பரத்துக்குத் திருப்தியாக இருந்தது. துறவு என்றால் கொஞ்சம் மிரட்டத்தானே வேண்டும்?

மறுநாளே வினை ஆரம்பித்தது. நாற்சந்தியில் போலீஸ்காரர் மற்ற வண்டிகளை எல்லாம் நிறுத்திவிட்டு இவர்கள் காருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஏகாம்பரத்துக்குக் காது சுட்டது. பின் சீட்டில் சாமி பதிலுக்குக் கும்பிட்டார்.

மடத்து வாசலில் காலேஜ் பையன்கள் காரில் சாய்ந்து படம் எடுத்தார்கள். விரட்டப் போன ஏகாம்பரத்திடம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க தாத்தா, படத்துல விழறீங்க" என்றான் ஒருவன். டீக்கடைக்காரனோ இன்னும் மோசம். "முன்னயாச்சும் பணக்காரன் காரு மாதிரி இருந்துச்சுங்க. இப்ப கட்டப்பஞ்சாயத்து காரு மாதிரியல்ல இருக்குது!"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்று இரண்டு நாள் புலம்பினார். பிறகு, குரங்கிலும் பாதிக் குரங்காக விட்டதுதான் தப்பு என்று அவருக்குத் தோன்றியது. சக்கரத்தில் கொஞ்சம் வெள்ளி தெரிந்தது. முன்னால் கம்பெனிச் சின்னம் வேறு பல்லைக் காட்டியது. திரும்ப அஸ்கரிடம் ஓடினார். "ஒரு பொட்டு மினுக்கு இருக்கப்படாது" என்றார். அஸ்கரும் வைக்கவில்லை.

அந்த வாரம் பக்கத்து ஊரில் ஒரு சாவு. கார் பந்தலை நெருங்கும்போதே யாரோ, "பெரிய கட்சிக்காரங்க வர்றாங்க, சேர் போடுங்க!" என்று கத்தினார்கள். பறை நின்றது. ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டினார்கள். புருஷனின் காலடியில் தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருந்த பெண்ணை இரண்டு பேர் கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்தினார்கள். அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு, யாருக்கு என்றே தெரியாமல் காரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

சாமி இறங்கி ஓடிப் போய் அவளை உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவளுக்கு அழுகை திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

திரும்பி வரும்போது ஏகாம்பரம் வாயைத் திறந்தார். "சனங்களுக்குப் புத்தியே இல்லைங்க சாமி. மினுக்கினாலும் குத்தம், மினுக்காட்டியும் குத்தம்."

"சோறு இறங்குதுங்களா?"

"எங்கீங்க இறங்குது!"

சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஏகாம்பரத்துக்கு.

வெள்ளிக்கிழமை தெய்வாத்தாள் மடத்துக்கு வந்தார். காரைத் தாண்டி நேராக நடந்து வந்து, "நம்ம காரு வெளியூரு போயிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இதுதானுங்கம்மா" என்றார் ஏகாம்பரம்.

தெய்வாத்தாள் திரும்பிப் போய் முன்கதவின் பக்கம் குனிந்தார். ஜன்னல் பட்டை இருந்த இடத்தில் விரலை ஓட்டினார். முந்தானையால் ஒருமுறை துடைத்தும் பார்த்தார். கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

"ஸ்டிக்கர் ஒட்டியிருக்குதுங்கம்மா. அடக்கமா இருக்கட்டுமேன்னு."

"நல்லாத்தானுங்க இருக்குது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார், "வெள்ளிக்கிழமை வந்தா இதுல ஒருக்கா மூஞ்சி பாத்துக்குவேனுங்க. அவரு போனதுக்கப்பறம் வீட்டுக் கண்ணாடி முன்னால நிக்கக் கூச்சமா இருக்குது. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்களோன்னு. இதுல பாத்தா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. காரைத் தொடைக்கறேன்னு நெனச்சுக்குவாங்க."

குறையாகச் சொல்லவில்லை அந்த அம்மாள். "அதை விடுங்க" என்று, கொண்டுவந்த தேங்காய் பழத்தோடு உள்ளே போய்விட்டார்.

ஏகாம்பரம் அப்படியே நின்றார். டீக்கடைக்காரன் மேலும் போலீஸ்காரர் மேலும் காலேஜ் பையன்கள் மேலும் இத்தனை நாள் வந்த எரிச்சல் மொத்தமும் ஒன்றாகத் திரும்பி அவர் மேலேயே விழுந்தது. அஸ்கர் கடை வரைக்கும் போகக்கூடப் பொறுமை இல்லை. சமையல்கட்டிலிருந்து ஒரு குண்டா வெந்நீர் கொண்டுவந்து ஊற்றி, கார்ப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நகத்தாலேயே பிராண்ட ஆரம்பித்தார்.

ஒட்டுவதற்கு ஒரு நாள் போதும். உரிப்பது அப்படியா? துணுக்குத் துணுக்காகப் பிய்ந்தது. பிய்ந்த இடத்தில் பசை பிசுபிசுத்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுத்துப் போயிற்று.

பூஜை முடிந்து தெய்வாத்தாளை வழியனுப்பிவிட்டுச் சாமி வந்தார். கேட்காமலேயே எதிரே உட்கார்ந்து மறுமுனையை உரிக்கத் தொடங்கினார்.

"அந்தம்மா இதுல மூஞ்சி பாக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க ஐயா. இன்னிக்கு உள்ள வந்து சொன்னப்பத்தான் தெரியும்."

"தெரிஞ்சிருந்தா ஒட்டவேண்டாம்னு சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன்."

"கேட்டிருப்பனுங்களா நானு?"

சாமி சிரித்தார். ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. உரித்த ஒரு விரல்கடை குரோமியத்தில் அவர் முகம் சப்பையாக, நீளமாகத் தெரிந்தது. வேர்த்திருந்தது. வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்புத் தீற்றல். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த துணியைத் தரையில் எறிந்தார்.

"போதுமுங்க சாமி. அத்தனை பேரும் பாத்துச் சிரிச்சாச்சு. மானம், மரியாதை எதுவும் எனக்கு வேண்டாம். இந்தத் தைப்பூசத்துக்கு எனக்குக் காவியை மட்டும் குடுத்துருங்க. அது மேல ஏறிட்டா இந்தக் கருமமெல்லாம் தானா அடங்கிருமுங்க."

சாமி தன் பக்கத்தில் உரித்த கறுப்புத் துண்டை விரலில் உருட்டி ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்:

"அஸ்கர் கடையில காவி நிறத்துல ஸ்டிக்கர் இருக்குதான்னு கேட்டுப் பாத்தீங்களா?"