விழுந்த கன்டெய்னரின் கடைசி வரிகள்

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் தேவசகாயம் வெகுகாலம் ஒரே ஒரு சர்வர் கணினியைக் கவனித்து வந்தவர். காலையில் டீயோடு அதன் முன்னால் உட்காருவார். முந்தைய நாள் நடந்ததையெல்லாம் அது தன் லாகில், அதாவது பதிவேட்டில், வரிசையாக எழுதி வைத்திருக்கும். வாசித்து முடித்தால் மாவட்டத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்த மாதிரி இருக்கும்.

அந்த சர்வர் போய்விட்டது. அதன் வேலையை இப்போது கன்டெய்னர்கள் எனப்படும் பல சிறு மென்பொருள் கூறுகள் பங்கிட்டுச் செய்தன. ஒன்று விழுந்தால் அது அழிந்து, புதிது தானாக எழும். விழுந்ததன் லாகும் அதோடு போய்விடும்.

மலையடிவாரத்திலிருந்து வந்த ஒரு பிரசவ அழைப்பு ஆம்புலன்ஸ் வண்டிக்குப் போய்ச் சேரவில்லை. யாருடைய ஜீப்பிலோ குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அழைப்பை எடுத்த அன்பரசி மீது விசாரணை வந்தது. அனுப்பினேன் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள்.

“லாக்ல இல்லையேம்மா” என்றார் தேவசகாயம். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார்கள்; அவள் இருக்கை காலியானது.

சிக்கலைத் தீர்க்க மென்பொருள் பொறியாளர் மெஹருன்னிசா வந்தார். வயதில் மிக இளையவர். ஆனாலும் தேவசகாயம் அவரிடம் மாணவராகவே உட்கார்ந்து கற்றார். கன்டெய்னர்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் எழுதிய கையோடு எடுத்து ஓரிடத்தில் சேர்க்கும் நிரலை இருவரும் நிறுவினார்கள்.

“இனி பழையபடி எல்லாம் தெரியுமா, மேடம்?”

மெஹருன்னிசா அன்பரசியை வரவழைத்து, அன்றிருந்த அதே அழைப்பு நெரிசலைச் சோதனையாக உண்டாக்கி, அன்று செய்ததை அப்படியே செய்யச் சொன்னார். அவள் அனுப்பினாள். கன்டெய்னர் திணறியது, விழுந்தது, அழிந்தது. அது எழுதிய வரிகள் மட்டும் திரையில் நின்றன.

அழைப்பு வந்தது. வண்டிக்கு அனுப்புகிறேன். பதில் இல்லை. மீண்டும் அனுப்புகிறேன். பதில் இல்லை.

அன்பரசி அதை இரண்டு முறை வாசித்தாள். யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். விசாரணை கைவிடப்பட்டது; மறுநாள் அவள் தன் இருக்கைக்குத் திரும்பினாள்.

தேவசகாயத்துக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

“என்ன இருந்தாலும் அந்தப் பழைய சர்வர் எங்கிட்ட எதையும் மறைச்சதில்ல, மேடம். இதுங்க அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிடுச்சே.”

“சொல்லிட்டுத்தான் போயிருக்கும், சார். வாங்கி வைக்க நாம எதையும் வைக்கல.”

திரையை அணைத்துவிட்டு மெஹருன்னிசா சொன்னார்: “அன்பரசியும் சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க.”