மன்னனின் செம்பு மூக்கு

கடலுக்கு அப்பால் யவன தேசத்தில், எந்தக் காலமோ யார் கண்டது, கிளியாந்தன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்ன ஆண்டான், கண்ணாடி பார்த்தே பொழுதைப் போக்கினான். ராஜாக்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான், சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. அந்த ஊர்க் காசில் ராஜா முகத்தைப் பக்கவாட்டில்தான் பொறிப்பார்கள். இவனுக்கு அது போதவில்லை. "குடிகளை நான் நேருக்கு நேர் பார்க்க வேண்டும்" என்றான். காசு அச்சு வெட்டும் மிர்த்தோன் பாடு திண்டாட்டம். கண்ணைப் பெரிதாக்கு, கன்னத்தைக் குறை, தலையில் ஆட்டுக்கடாக் கொம்பு வை! ஒருவழியாகப் புது வெள்ளிக் காசு வெளியே வந்தது.

கொஞ்ச நாளில் சந்தையெங்கும் ஒரே சிரிப்பு. காசில் ராஜாவின் மூக்கு மட்டும் குடிகாரன் மூக்கு மாதிரி சிவந்துவிட்டது.

"இது மிர்த்தோன் செய்த துரோகம், பிரபு! விரல்களை வெட்டுங்கள்" என்று குதித்தான் பொக்கிஷ அதிகாரி தோராசன். ராஜாவும் சரியென்றுவிட்டான். மிர்த்தோன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

கிழட்டு மந்திரி நிகேயர் கொட்டாவி விட்டார். "வெட்டலாம், மன்னா. ஆனால் துரோகத்தைக் கண்டுபிடித்த தோராசருக்கு வெகுமதி வேண்டாமா? இந்தக் காசிலேயே ஒரு மூட்டை கொடுங்கள்."

தோராசன் முகம் சுருங்கியது. "பழைய காசாகவே கொடுங்களேன்..."

"ஏன், மூக்கு பிடிக்கவில்லையா? இங்கேயே உருக்கி வெள்ளிக் கட்டியாகத் தருகிறோம்."

"உருக்க வேண்டாம்! எனக்கு வெகுமதியே வேண்டாம், மந்திரியாரே!"

"வேண்டாம் என்று நீர் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன்" என்ற மந்திரி, உலையை மூட்டச் சொன்னார். உருகி வந்ததில் பெரும்பகுதி செம்பு.

"மன்னா, காசுக்கென்று நீங்கள் கொடுத்த வெள்ளி இவர் வீட்டில் இருக்கிறது. காசில் இருப்பது வெறும் வெள்ளிப் பூச்சு. நேர்முகத்தில் மூக்குதான் துருத்தி நிற்கும். கை பட்டுப் பட்டு அதுதான் முதலில் தேயும். அச்சு வெட்டியவன் என்ன செய்வான்?"

ராஜா வெட்கித் தலைகுனிந்தான். தோராசனைச் சந்தை நடுவே உட்காரவைத்து, செம்பு மூக்குக் காசுக்கெல்லாம் அவனுடைய சொந்த வெள்ளியை மாற்றிக் கொடுக்கவைத்தான். மந்திரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும் என்றார் அவர்.

"உனக்கு?"

மிர்த்தோன் விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"அடுத்த காசில் ஆந்தையைப் போட உத்தரவு கொடுங்கள், பிரபு. அது முகத்தைத் திருத்தச் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பாது."