எயினியின் காதுப் பூதம்

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். மழை சொன்ன மாதத்தில் தவறாமல் பெய்துகொண்டிருந்த காலத்தில் பேரேரியூர் என்று ஓர் ஊர் இருந்தது. ஊரைவிட ஏரி பெரிது. கிழக்கே கீழை மதகு, நடுவில் நடு மதகு, மேற்கே மேலை மதகு என்று அதற்கு மூன்று மதகுகள். எதை எப்போது, எவ்வளவு திறப்பது என்று கற்றுக்கொடுக்க அந்த ஊர் ராசா ஒரு பள்ளியே நடத்தினார் என்றால் பாருங்களேன்!

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். யார் விடை சொன்னாலும் பக்கத்தில் இருப்பவர் மூன்று தடவை "ஏன்?" என்று கேட்பார். மூன்றுக்கும் பதில் வந்தால்தான் அது விடை. நடுவில் திணறினால், போய் மறுபடி படிக்க வேண்டியதுதான்.

எயினி அங்கே படித்தாள். உப்பு விற்கிற வீட்டுப் பெண். பதினான்கு வயதுவரை ஏட்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. மற்றவர்கள் மூன்றாவது ஏனில் திணறினால், இவள் பாவம், முதல் ஏனிலேயே விழிபிதுங்கி நிற்பாள். பக்கத்தில் உட்காரும் கொற்றன் நல்லவன்தான், ஆனால் கேட்காமல் விடமாட்டான். அவன் கேட்பான், இவள் அழுவாள்.

ஒருநாள் ஏரிச் சேற்றில் புதைந்த வண்டியை எயினி தோள் கொடுத்துத் தூக்கிவிட்டாள். வண்டிக்காரன் கடல் தாண்டி வந்த வணிகன். நன்றிக்கு ஒரு சோடித் தோடு கொடுத்தான்.

"வலது தோட்டுக்குள்ள ஒரு பூதம் குடியிருக்கு, தங்கச்சி. உலகத்துல எழுதின ஏட்டை எல்லாம் தின்னு தீர்த்த பூதம். எதைக் கேட்டாலும் சொல்லும்" என்றான்.

அடேயப்பா, என்னமாய்ச் சொன்னது! முதல் மாதம் எயினி ஏட்டைப் படித்துவிட்டு, புரியாததை மட்டும் கேட்டாள். அது தன் பாட்டுக்குப் பொறுமையாக விளக்கியது. இரண்டாம் மாதம் முதலில் பூதத்தைக் கேட்டாள், பிறகு ஏட்டை லேசாகப் புரட்டினாள். மூன்றாம் மாதம் ஏட்டுக்கட்டை அவிழ்க்கவே இல்லை.

கொற்றன் ஏன் என்பான், பூதம் கிசுகிசுக்கும், எயினி ஒப்பிப்பாள். ஒரு ஏன், இரண்டு ஏன், மூன்று ஏன், எல்லாவற்றுக்கும் பதில் தயார். தெரியாது என்ற சொல் மட்டும் அந்தப் பூதத்தின் வாயில் வந்ததே இல்லை. ஏனென்று எயினியும் யோசிக்கவில்லை.

பள்ளி முடிந்தது. முதலில் தேறியவள் என்று ராசா அவளையே மதகுக்காவல் ஆக்கினார். ஊரே மெச்சியது. எயினிக்கோ பயம். தனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவளுக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

அந்த வருடம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மூன்றாம் நாள் நடுப்பகலில் ஏரி கரையை முட்டி நின்றது. இன்னும் ஒரு முழம் ஏறினால் கரையே உடைந்துவிடும். கரைமேல் ஆட்கள் எயினியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எந்த மதகு?" என்று பூதத்திடம் கேட்டாள்.

"கீழை மதகு" என்றது, கண்ணிமைக்கும் நேரத்தில்.

"கீழை மதகு!" என்று எயினி கத்தினாள். ஆட்கள் ஓடிப்போய் மதகுப் பலகையின் கயிற்றைப் பிடித்தார்கள்.

கொற்றன் நனைந்துகொண்டே வந்து குறுக்கே நின்றான். "ஏன்?"

பூதம் கிசுகிசுத்தது. எயினி சொன்னாள்: "அதுதான் இருக்கிறதிலேயே தாழ்வான மதகு. தண்ணி சீக்கிரம் வடியும்."

"ஏன் அந்தப் பக்கம் விடணும்?"

பூதம் கிசுகிசுத்தது. எயினி சொன்னாள்: "அந்தப் பக்கம் வெறும் பொட்டல். ஒரு ஆள் கூடக் குடியில்லை."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பொட்டலில் உப்பு விற்கிறவர்கள் எழுபது குடிசை போட்டிருந்தார்கள். அவள் பிறந்ததே அங்கேதான். அவளைப் பெற்ற ஆத்தா இந்த நிமிடமும் அங்கேதான் இருந்தாள்.

"கயித்தை விடுங்க! இழுக்காதீங்க!" என்று அலறினாள்.

மூன்றாவது ஏனைக் கொற்றன் கேட்கவில்லை. எயினியே பூதத்திடம் கேட்டாள். "ஏன் அப்படிச் சொன்னே? நீ பார்த்தியா?"

"நான் எதையும் பார்ப்பதில்லை, அம்மணி. ஏட்டில் இருந்தது. அறுபது வருடத்துக்கு முந்தைய ஏடு. நீ கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்."

எயினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழ நேரமில்லை. "சரி, இப்ப கேக்குறேன். கிழக்கே எழுபது குடிசை இருக்கு. மத்த ரெண்டு மதகு போதுமா?"

"போதாது. மேலை மதகின் கால்வாய் தூர்ந்துவிட்டதாக ஏடு சொல்கிறது." எயினி அதைக் கொற்றனிடம் சொன்னாள்.

"தூர்ந்துச்சாம்! போன கோடையில நாங்கதானே வாரினோம்? இடுப்பு இன்னும் வலிக்குது" என்றான் கொற்றன்.

அதை எயினி சொன்னதும் பூதம் கணக்குப் போட்டது: நடு மதகு மூன்று முழம், மேலை மதகு நான்கு. எயினி அப்படியே ஒப்பிக்கவில்லை. ஒரு குச்சியை எடுத்துச் சேற்றில் தானே கணக்கைப் போட்டுப் பார்த்தாள். தப்பும் தவறுமாகப் போட்டு, கொற்றனைக் கேட்டுத் திருத்தி, சரியென்று தெரிந்தபிறகுதான் கையைக் காட்டினாள். பலகைகள் ஏறின. பொழுது சாய்வதற்குள் ஏரி இரண்டு முழம் இறங்கிவிட்டது.

ஆத்தா செய்தி கேட்டு, சேறும் சகதியுமாகக் கரைக்கு ஓடி வந்தாள். "எம்மவ காப்பாத்திட்டா! எங்க சனத்தையே எம்மவ காப்பாத்திட்டா!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

எயினியால் அதைக் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னால் ஆத்தாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "இல்ல ஆத்தா. உன்னைக் கொல்ல இருந்தேன். கீழை மதகுன்னு கத்தினதே நான்தான். அந்தப் பக்கம் ஒரு ஆள் கூட இல்லைன்னு இந்த வாயாலதான் சொன்னேன்."

ஆத்தா மகளின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"நானும் குடியில்லைன்னா சொன்னே?"

"ஆமா, ஆத்தா."

"இருக்கேன், பாத்துக்க" என்று சொல்லி, மகளை இறுக அணைத்துக்கொண்டாள்.

கேட்டீர்களா? படிப்புக்கு எவ்வளவு பெரிய அறிவையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் யோசிக்கிற வேலையை மட்டும் அதனிடம் விட்டுவிடக் கூடாது.