ஏரியூரில் கொடுத்த வாக்கு

இந்தக் கதை முடியும்போது மூன்று பேரில் ஒருவர் பக்கம் நீங்கள் நின்றாக வேண்டும். அதனால் மூவரும் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரைட்சிங் கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியன், சபையின் வாலிபர் சங்கத் தலைவன். அபிஷா நர்சிங் படித்தவள். வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகவேண்டும் என்று படிக்கும் காலத்திலிருந்தே ஜெபித்து வந்தவள். ரெஜின் கம்போடியாவில் ஒரு தையல் ஆலையில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அந்த நாட்டுப் பேச்சான கெமர் மொழி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூவரையும் சபை மூன்று மாத ஊழியத்துக்கு அந்த நாட்டுக்கே அனுப்பியது.

போய்ச் சேர்ந்த இடம் ஒரு பெரிய ஏரியின் மேல் மிதக்கும் ஊர். மூங்கில் தெப்பங்களின் மேல் வீடுகள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் படகில் ஐந்து மணி நேரம். ஊர்த்தலைவர் அவர்களை உட்காரவைத்துச் சொன்னார்:

"மருந்து கொடுங்கள். உங்கள் கடவுளைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசக்கூடாது. முன்பு வேறொரு குழு வந்து பேசிவிட்டுப் போனது. அதன் பிறகு அண்ணன் சாவுக்குத் தம்பி வரவில்லை. அப்படி ஒரு பிரிவினை இங்கே மறுபடி வேண்டாம்."

மூவர் சார்பிலும் பிரைட்சிங் வாக்குக் கொடுத்தான். அபிஷா அப்போது படகில் மருந்துப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். பிறகு விஷயம் தெரிந்ததும், "எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே" என்றாள்.

"நாம செய்யுததப் பாத்தே அவங்களுக்குப் புரியும்" என்றான் பிரைட்சிங்.

ஆறு வாரம் நல்லபடியாகப் போயிற்று. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து வாங்க ஊர் முழுவதும் வந்தது. ஏழு கர்ப்பிணிகள் வாரம் தவறாமல் வந்தார்கள். நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கு அபிஷா படகில் போனாள். மொழிபெயர்க்க ரெஜின் கூடப் போனான்.

அப்படிப் பார்க்கப் போனவர்களில் ஒருத்தி போபா. மீன்பிடிக்கிற சொக் என்பவனின் மனைவி. முப்பது வயதுதான், கல்லீரல் கெட்டு, இனி ஆகாது என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் அவள் அபிஷாவிடம் கேட்டாள்:

"ஊசி போடும் முன்னால் கண்ணை மூடிக்கொள்கிறாயே, யாரிடம் பேசுகிறாய்? நான் போகிற இடத்தில் அவர் இருப்பாரா?"

அபிஷா பதில் சொல்லாமல் திரும்பி வந்து பிரைட்சிங்கிடம் முறையிட்டாள்.

"வாக்குக் குடுத்தாச்சு. அத மீறினா நம்ம சாட்சிக்கு என்ன மதிப்பு? ஏழு கர்ப்பிணிப் பிள்ளைங்க ஒன்ன நம்பி இருக்கு."

"சாகப்போறவ கேக்கா அண்ணே. பெறகு கேக்க அவ இருக்கமாட்டா."

"வேண்டாம் அபிஷா."

மறுநாள் காலை அபிஷா போபாவின் பாயருகே உட்கார்ந்து இயேசுவைப் பற்றிச் சொன்னாள். அவள் தமிழில் சொன்னதையெல்லாம் ரெஜின் கெமரில் சொன்னான். சொக் வாசலில் வலையைப் பிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். போபா தன் கையைப் பிடித்து ஜெபிக்கச் சொன்னாள். திரும்பும் வழியில், "அண்ணன்ட்ட சொல்லாண்டாம்" என்றாள் அபிஷா. ரெஜின் சரி என்றான்.

மூன்றாம் நாள் போபா இறந்துபோனாள். "பிக்குகளின் சடங்கு எனக்கு வேண்டாம், அந்தப் பெண் வந்து ஜெபித்தால் போதும்" என்று கணவனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். சொக் அதை உறவினரிடம் சொன்னதும் வீடு கொந்தளித்தது. உடலை அப்படியே விட்டுவிட்டு, ஊர்த்தலைவரும் போபாவின் அண்ணன்மாரும் சொக்கை இழுத்துக்கொண்டு மருந்துத் தெப்பத்துக்கு வந்தார்கள்.

"உங்களில் யாராவது அவளிடம் பேசினீர்களா?" என்று தலைவர் கேட்டார்.

பிரைட்சிங்குக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. இல்லை என்று தலையை ஆட்டி, "யாரும் பேசல்லன்னு சொல்லு ரெஜின்" என்றான். அபிஷா குனிந்த தலை நிமிரவில்லை.

அந்தத் தலையாட்டலே தலைவருக்குப் போதுமானதாக இருந்தது. அவர் சொக் பக்கம் திரும்பினார். "செத்தவள் பெயரில் பொய்யா சொல்கிறாய்? இதற்கு இவர்களிடம் என்ன வாங்கினாய், படகுக்கு மோட்டாரா?" போபாவின் அண்ணன் அவன் சட்டையைப் பிடித்தான். சொக் கையை எடுத்துத் தடுக்கக்கூட இல்லை. ரெஜினையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ரெஜின் கெமரில் சொன்னான்: "அவர் பொய் சொல்லவில்லை. போபா கேட்டாள், நாங்கள் பேசினோம். பேசிய வாய் என்னுடையது. எங்கள் தலைவருக்கு இது தெரியாது."

மறுநாள் மதியத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். போபாவின் உடலுக்குப் பிக்குகளே சடங்கு செய்தார்கள்; அபிஷாவை யாரும் கூப்பிடவில்லை. இரத்த அழுத்தம் கூடியிருந்த ஒரு கர்ப்பிணி மட்டும் படகருகே வந்து நின்றாள். அபிஷா இருந்த மாத்திரைகளையெல்லாம் கொடுத்து, எப்போது விழுங்க வேண்டும் என்று ஒரு தாளில் சூரியனும் நிலாவும் வரைந்து காட்டினாள்.

"ஒரு வார்த்தைய ஒழுங்கா மொழிபெயர்த்திருந்தா அந்த ஏழு பேரையும் விட்டுட்டு வந்திருக்க வேண்டாம்" என்று விமான நிலையத்தில் ரெஜினிடம் சொன்னான் பிரைட்சிங். "சொல்லியிருக்க வேண்டியது நான்" என்றாள் அபிஷா.

வாக்கைக் காக்கச் சொன்னான் ஒருவன். சாகிறவளின் கேள்விக்குப் பதில் சொன்னாள் ஒருத்தி. தன் குழுத் தலைவனின் 'இல்லை'யை மொழிபெயர்க்க மறுத்தான் இன்னொருவன். இதில் யார் செய்தது சரி?

ரெஜின் செய்ததே சரி. பிரைட்சிங்கின் வாக்கு நேர்மையானது. ஆனால் அபிஷாவைக் கேட்காமல் அவள் வாயையும் சேர்த்துக் கட்ட அவனுக்கு உரிமை இல்லை. அபிஷா போபாவுக்குச் சொன்ன பதிலில் நான் குற்றம் காணமாட்டேன். அதைச் சொல்லிவிட்டு மூன்று நாளும் மறைத்ததுதான் பிழை. ரெஜினும் வாக்கை மீறியவன்தான், மறைத்தவன்தான். மருந்தில்லாமல் போன அந்தப் பெண்கள் என் தீர்ப்பை ஏற்பார்களா என்றால், ஏற்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனாலும் தெப்பத்தில் நின்ற மூவருக்கும் திரும்பிப்போக ஒரு நாடு இருந்தது. சொக் அந்த ஏரியிலேயே, அதே மனிதர்களுக்கு நடுவில்தான் நாளையும் வலை வீசியாக வேண்டும். மனைவியை இழந்த அன்றைக்கே பொய்யன் என்ற பெயரையும் அவன் சுமக்க வேண்டாம் என்று நினைத்தவன் ஒருவன்தான்.