எல்லாம் தெரிந்த கைகள்

"மேடம், என்னை மறுபடி வார்டுக்கே மாத்திடுங்க. பாடம் நடத்தி நடத்தி அலுத்துப்போச்சு."

மேட்ரன் அறைக்குள் வந்த எமல்டா உட்காரக்கூட இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் நோய்த்தொற்றைத் தடுக்கும் பொறுப்பு அவளுடையது. நர்ஸுகளுக்கு அவள்தான் வகுப்பெடுப்பாள்.

நர்ஸுகளுக்கெல்லாம் மேலதிகாரியான மேட்ரன் சௌந்தரவல்லி வயதில் அவளுக்கு இளையவள்.

"என்னக்கா ஆச்சு?"

"ஆபரேஷன் பண்ணிப் பெத்தவங்க வார்டுல இன்னொரு பொண்ணுக்குத் தையல்ல சீழ் வெச்சிருக்கு. காய்ச்சல்ல கிடக்குறா. பிள்ளையத் தூக்கிப் பால் குடுக்க முடியல."

"நர்ஸுங்களுக்குத் தெரியலையோ?"

"தெரியாமலா! எப்போ கை கழுவணும், எப்போ கையுறை மாத்தணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாளுங்க. வார்டுக்குள்ள போனா ஒருத்தியும் செய்யறதில்ல. திமிரு மேடம், வேற ஒண்ணுமில்ல."

மேட்ரன் கொஞ்சம் யோசித்தாள்.

"இன்னிக்கு அந்த வார்டை நீங்க பாருங்கக்கா. அங்க இருக்குற நர்ஸ் வேற வார்டுக்குப் போகட்டும்."

"பார்க்கிறேன். எப்படிச் செய்யணும்னு காட்டுறேன்."

அந்த வார்டில் கட்டில்கள் நிறைந்து, தரையிலும் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். நர்ஸ் எமல்டா ஒருத்திதான்.

முதல் பெண்ணைத் தொடுமுன் வராந்தாக் கோடிவரை போய்க் கை கழுவி வந்தாள். அடுத்தவளுக்கும் அப்படியே.

அதற்குள் ஒருத்திக்கு டிரிப் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறியது. "சிஸ்டர், பிள்ளை பால் குடிக்க மாட்டேங்குது" என்று ஒருத்தி அழுதாள். யாரோ ஒருத்தியின் மாமியார் எமல்டாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

மறுபடி வராந்தாவுக்கு ஓடினாள். தண்ணீர்க் குழாயில் காற்றுதான் வந்தது.

சுவரில் மாட்டியிருந்த, கை சுத்தம் செய்யும் மருந்து பாட்டிலை அழுத்தினாள். காலி. ஸ்டோர் பூட்டியிருந்தது.

"இங்க மனுஷங்க வேலை பார்ப்பாங்களா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

மதியம் மேட்ரன் வந்தபோது, எமல்டா அந்தக் காய்ச்சல்காரப் பெண்ணின் சீழைத் துடைத்துக் கட்டுப்போட்டு முடித்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் நேற்றுப் பிள்ளை பெற்றவள் வலியில் முனகினாள்.

"இதோ வந்துட்டேம்மா."

திரும்பி, அவள் வயிற்றுக் கட்டைப் பிரிக்கக் கை நீட்டினாள்.

மேட்ரன் அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

பிடியை விடவில்லை.

எமல்டா குனிந்து பார்த்தாள். சீழைத் துடைத்த அதே கையுறை.



"தெரியும், மேடம்" என்றாள். "எனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா. அவங்களுக்கும் தெரியும். இப்போ அவங்களைத் திட்டுங்க பார்ப்போம்."

எமல்டா கையுறையைக் கழற்றிக் குப்பையில் எறிந்தாள். மேட்ரனை நேராகப் பார்த்தாள்.

"வராந்தாக் குழாயில தண்ணி வராதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, மேடம்?"

"தெரி..."

மேட்ரன் அந்தச் சொல்லை முடிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வராந்தாக் குழாயை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.