நரம்பு தேடும் ஊசி

எவர்சில்வர் தட்டை மேசைமேல் வைக்கிற சத்தம். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் யாரும் அதைக் காதில் வாங்குவதுகூட இல்லை.

வைரவனுக்கு அது காதைவிட்டுப் போகவே இல்லை. மகள் தெய்வானைக்கு அப்போது இரண்டு வயது. தட்டு ணங்கென்று மேசையைத் தொட்டதும் குழந்தை பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டாள். தட்டில் இருப்பது ஊசி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

தானாக நல்ல ரத்தம் ஊறாத உடம்பு. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை யாருடைய ரத்தமாவது ஏற்றியாக வேண்டும். ஆனால் நரம்பு அகப்படாது. நாலு குத்து, சில நாள் ஏழு.

வைரவன் இயந்திரப் பாகங்கள் வடிவமைக்கிற இன்ஜினியர். வலிக்காத ஊசி ஒன்று செய்துவிடுவது என்று உட்கார்ந்தான்.

ஒன்பது வருஷம் போயிற்று.

ஒரு நாள் தெய்வானை அப்பாவிடம் சொன்னாள்: "இனிமே நான் ஆஸ்பத்திரிக்கு வரல அப்பச்சி."

அழவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. அடுத்த ரத்தத்துக்கு ஆறு நாள் இருந்தது.

மறுநாள் காலை அவன் பரிபூரணத்தின் கொசு ஆய்வுக்கூடத்துக்குப் போனான்.

"மேடம், கொசு குத்துறது நமக்கு ஏன் தெரியறதில்ல?"

பரிபூரணம் அவனைவிட ஏழு வயது இளையவள். அக்கம்பக்கத்தில் அவளுக்குக் கொசுக்காரம்மா என்று பெயர். அவள் திரும்பவில்லை. ஒரு கை முழங்கை வரை வலைக்கூண்டுக்குள் இருந்தது.

"டிபன் நேரம் சார். எனக்கில்ல, இவங்களுக்கு. உட்காருங்க."

அந்தக் கூடத்திலேயே பிறந்து வளர்ந்த, நோயில்லாத கொசுக்கள். முட்டை வைக்க ரத்தம் வேண்டும். தினமும் அவள்தான் கொடுப்பாள்.

வைரவன் மகள் வரமாட்டேன் என்றதைச் சொல்லி, வரைபடங்களை விரித்தான்.

"கொசுவோட ஊசியை அளந்துட்டேன் மேடம். முடியைவிட மெலிசு. ஓரத்துல ரம்பம் மாதிரிப் பல்லு. ஒரு பல்லு விடாம எஃகுல செஞ்சாச்சு. குத்தினா வலிக்குது. அழுத்தினா உடையுது."

"எத்தனை கொசு அளந்தீங்க?"

"நானூத்திப் பன்னெண்டு."

"அதுல எத்தனை உயிரோட இருந்துச்சு?"

ஒன்றுகூட இல்லை. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டுமானால் கொன்று, காயவைத்து, மேலே தங்கம் பூசித்தானே வைக்க முடியும். அதையும் சொன்னான்.

"தங்கம் வேறயா," என்றாள். "நல்ல அடக்கம்தான்."

கூண்டிலிருந்து கையை எடுத்தாள்.

"உங்க கையை உள்ள விடுங்க. எப்பக் குத்துதுன்னு சொல்லுங்க."

விட்டான். ஒரு கொசு மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் குத்தல."

"ம்."

"இன்னும் குத்தல மேடம்."

"அதோட வயித்தைப் பாருங்க."

மாதுளை முத்துப் போல் சிவந்திருந்தது.

அவன் கையை எடுக்க மறந்து நின்றான்.

"நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

"ஊசின்னாலே அவ—"

"போடறதுக்கு இல்ல சார். பார்க்கறதுக்கு."

மறுநாள் மூவரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மயக்க மருந்தில் ஒரு வெள்ளைச் சுண்டெலி தூங்கிக்கொண்டிருந்தது. காகிதம் போன்ற அதன் காதுக்குக் கீழே விளக்கு. காதின்மேல் ஒரு கொசு. தெய்வானை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். பக்கத்துத் திரையில் அதே காட்சியை வைரவன் பார்த்தான்.

அந்திவானம் போல் தோல். அதன் குறுக்கே கிளைகிளையாகச் சிவப்பு ஆறுகள். எங்கிருந்தோ ஒரு ஊசி அதற்குள் இறங்கியிருந்தது.

ஒன்பது வருஷமாக அவன் வரைந்த ஊசிகள் எல்லாம் நேர்கோடு. இது வளைந்தது.

பார்வையில்லாதவரின் விரல் போல் அது தடவிக்கொண்டு போயிற்று. இரண்டு ரம்பங்களும் மாறிமாறி அசைந்தன. ஒன்று கால் ஊன்ற, மற்றது ஒரு எட்டு முன்னே வைத்தது. இடப்பக்கம் போய்ப் பார்த்தது. இல்லை. கொஞ்சம் பின்வாங்கியது. வலப்பக்கம். அங்கும் இல்லை. ஓரிடத்திலும் அது அழுத்தவில்லை.

வைரவன் திரையை நெருங்கினான். நானூற்றுப் பன்னிரண்டு அளவுகளில் இதில் ஒரு அசைவுகூட இல்லை.

"அப்பச்சி," என்றாள் தெய்வானை, கண்ணை எடுக்காமல். "இதுக்கும் நரம்பு கிடைக்கல."



ஊசி ஓர் ஆற்றை உரசிக்கொண்டு தாண்டிப் போயிற்று.

"அங்க இல்ல," என்று அவள் கிசுகிசுத்தாள். கொசுவிடம்தான். "தாண்டிட்டே. இந்தப் பக்கம் வா."

அது மறுபடி பின்வாங்கியது. மறுபடி வளைந்தது. எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு சின்ன ஆறு லேசாக நடுங்கியது. ஊசிக்குள் சிவப்பு ஏறியது.

தெய்வானை மூச்சை விட்டாள்.

"கிடைச்சிருச்சு."

"மேடம், இந்த வளைவை எஃகுல எப்படிக் கொண்டு—" என்று வைரவன் ஆரம்பித்தான்.

பரிபூரணம் உதட்டில் விரல் வைத்து, கண்ணால் பெண்ணைக் காட்டினாள்.

தெய்வானை தன் இடது கையை மடியில் மலர்த்தி வைத்திருந்தாள். பழைய தழும்புகளின் மேல் வலது கையின் ஒற்றை விரல் ஊர்ந்துகொண்டிருந்தது. இடப்பக்கம். கொஞ்சம் பின்னால். வலப்பக்கம்.

ரத்தம் ஏற்ற வேண்டிய ஆறாம் நாள் காலை அவள் வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஆஸ்பத்திரியில் தட்டு மேசைமேல் ணங்கென்றது. வைரவன் கண்ணை மூடிக்கொண்டான்.

முதல் குத்தில் அகப்படவில்லை. இரண்டாவதிலும் இல்லை. நர்ஸுக்கு நெற்றி வேர்த்தது.

"அவசரமில்லக்கா," என்றாள் தெய்வானை. "மெதுவாத் தேடுங்க. நான் இருக்கேன்."

அதற்குப் பிறகு பதினைந்து வருஷமாகியும் வைரவனின் ஊசி இன்னும் முடியவில்லை. கொசுக்களுக்கு டிபன் கொடுக்கிற முறையில் வாரத்துக்கு மூன்று நாள் அவனுடையது.

ஒரு தடவைகூட ரத்தம் தவறாமல், தெய்வானைக்குப் போன மாசியில் இருபத்தாறு வயது முடிந்தது.